எப்போது நடப்பான்? – மூளைவாதக் குழந்தைகளின் பெற்றோர் கேட்டவை

மூளைவாதம் என்பது செரிப்ரல் பால்சி: வளரும் மூளையில் ஏற்பட்ட பாதிப்பால் உடல் அசைவு கட்டுப்பாட்டுக்குள் வராத நிலை. இந்தப் பிள்ளைகளின் வீட்டாரிடமிருந்து வந்த கேள்விகளில் பாதிக்கு மேல் ஒன்றேதான்: எப்போது நடப்பான்? சொல்கிறேன். ஆனால் முதலில் சாப்பாட்டைப் பற்றிப் பேசிவிடலாம். இத்தனை வருடப் பிசியோதெரபியில், நடை வரவில்லை என்பதற்காக அவசர சிகிச்சைக்கு வந்த குழந்தையை நான் பார்த்ததில்லை. பால் புரையேறி நிமோனியாவோடு வந்த குழந்தைகளை நிறையவே பார்த்திருக்கிறேன்.

மகளுக்கு ஒன்றரை வயது. எதைக் கொடுத்தாலும் நாக்கால் வெளியே தள்ளுகிறாள். மடியில் படுக்கப்போட்டுப் பாலாடையில் ஊற்றினால்தான் இறங்குகிறது. மாதம் தவறாமல் சளி.

அந்தச் சளிக்குப் பாலாடையே காரணமாக இருக்கலாம். படுத்திருக்கும்போது ஊற்றினால் அவள் விழுங்குவதில்லை, பால் தானாக வழிந்து இறங்குகிறது. அதில் கொஞ்சம் நுரையீரல் பக்கமும் போகும். சில குழந்தைகளுக்கு இருமல்கூட வராது, அதனால் நமக்குத் தெரியவும் தெரியாது.

வீட்டில் இரண்டு சுவர் சேரும் மூலை இருக்கிறதல்லவா, அங்கே உட்காரவையுங்கள். இருபக்கமும் பழைய சேலையைச் சுருட்டி அண்டக்கொடுங்கள். இடுப்பும் முழங்காலும் மடங்கியிருக்கட்டும். தலை நேராக, தாடை கொஞ்சம் கீழே பார்த்தபடி. நீங்கள் எதிரில் தரையில் உட்காருங்கள். நின்றுகொண்டு ஊட்டினால் அவள் அண்ணாந்து பார்ப்பாள், மூச்சுக்குழாய்ப் பக்கம் வழி திறந்துகொள்ளும். தட்டையான சின்ன ஸ்பூனில் பாதி எடுத்து, நேர் எதிரிலிருந்து கொண்டுபோய் நாக்கின் நடுவில் லேசாக அழுத்துங்கள். உதடு மூடும்வரை பொறுத்திருந்து வெளியே எடுங்கள். மேல்பல்லில் வழித்துவிடாதீர்கள். ஸ்பூனைக் கடித்துப் பிடித்துக்கொண்டால் இழுக்க வேண்டாம், தானாக விடுவாள். இப்படிக் கடிப்பதால்தான் ஸ்டீல் ஸ்பூன் வேண்டாம் என்கிறேன்.

பால், ரசம் போன்ற தண்ணீர்ப் பதத்தைவிட மசித்த இட்லி, குழைந்த பருப்புச்சாதம், கெட்டியான கேழ்வரகுக் கூழ் பெரும்பாலும் சுலபம். நாக்கால் தள்ளுவது அடம் இல்லை. நாக்கு இன்னும் அவள் சொன்னபடி கேட்கவில்லை. சாப்பிட்டதும் அரை மணி நேரம் படுக்கவைக்காதீர்கள். இருந்தும் சாப்பிடும்போது மூச்சில் களகளவென்று சத்தம் வந்தாலோ, எடை ஏறாவிட்டாலோ டாக்டரிடம் காட்டத் தள்ளிப்போட வேண்டாம். குழாய் வழியாக உணவு தரச் சொன்னால் அதைத் தோல்வியாக நினைக்காதீர்கள்.

பிறந்ததும் குழந்தை அழவில்லை. நான் சரியாக முக்காததால்தான் இப்படி ஆனது என்கிறார் மாமியார்.

இல்லை. பிரசவ நேரத்தில் ஆக்ஸிஜன் குறைவது ஒரு காரணம், அவ்வளவுதான். குறைமாதம், கருவிலேயே வந்த தொற்று, கடுமையான மஞ்சள் காமாலை என்று வேறு காரணங்கள் நிறைய. பலருக்கு வலி எடுப்பதற்கு முன்பே பாதிப்பு நடந்து முடிந்திருக்கும். யார் தவறு என்று தேடுவதைவிட டிஸ்சார்ஜ் சம்மரியைப் பத்திரமாக வையுங்கள். எப்போது அழுதான், வலிப்பு வந்ததா, காமாலை எவ்வளவு என்பதை ஒவ்வொரு டாக்டரும் கேட்பார். மூளையில் ஏற்பட்ட பாதிப்பு இனி வளராது. வளர வளர மாறுவது தசையும் எலும்பும்தான். நாம் வேலை செய்வதும் அங்கேதான்.

நான்கு வயது. எப்போது நடப்பான் மேடம்?

இரண்டு வயதுக்குள் பிடிப்பில்லாமல் உட்கார்ந்த குழந்தைகளில் பெரும்பாலானோர் வாக்கர் பிடித்தாவது நடக்கிறார்கள். நான்கு வயதிலும் கழுத்து நிற்கவில்லை என்றால், வீல்சேருக்குத் தயாராகுங்கள் என்பேன். இதைச் சொன்னதும் எழுந்து போன அப்பாக்கள் உண்டு. ஆனால் சரியான சேர் கிடைத்த பிள்ளை தெருவைப் பார்க்கிறான், பள்ளிக்கூடம் போகிறான். நடை வரட்டும் என்று காத்திருக்கும் பிள்ளை கட்டிலிலேயே கிடக்கிறான்.

அப்புறம் ஒன்று. நடக்காத பிள்ளைக்கு எதற்கு இடுப்பு எக்ஸ்ரே என்று கேட்கிறார்கள். நடக்காததால்தான் எடுக்க வேண்டும். மூளைவாதக் குழந்தைகளில் ஏறக்குறைய 3 பேரில் ஒருவருக்கு இடுப்பு மூட்டு மெல்ல விலகுகிறது. தொடக்கத்தில் வலிக்காது. டயப்பர் மாற்றக் கால் விரியவில்லை என்று நீங்கள் கவனிக்கும்போது தாமதமாகியிருக்கலாம்.

பேரனுக்குக் கால் கத்தரி மாதிரி பின்னிக்கொள்கிறது. எண்ணெய் தேய்த்து நீவிவிடலாமா?

தாராளமாக, அம்மா. வெடுக்கென்று இழுக்காமல் மெதுவாக நீவுங்கள். மூக்கிலும் காதிலும் மட்டும் எண்ணெய் விடாதீர்கள். இன்னொன்று உங்கள் தலைமுறைக்கு நான் சொல்லித்தரவே வேண்டாம்: இடுப்பில் தூக்கிவைத்துக்கொள்ளுங்கள், ஒரு கால் முன்னால், ஒரு கால் பின்னால். பின்னிக்கொள்ளும் கால்கள் பிரிந்தே இருக்கும், தலையும் நிமிரும். இதையே எங்கள் தெரபி மையத்தில் உருளைத் தலையணைமேல் உட்காரவைத்துச் செய்கிறோம். பக்கம் மாற்றி மாற்றித் தூக்குங்கள்.

ஸ்டெம் செல் (குருத்தணு) ஊசி போட்டால் குணமாகும் என்கிறார்கள். நகையை விற்கலாமா?

விற்காதீர்கள். மூளைவாதத்துக்கு அது அங்கீகரிக்கப்பட்ட சிகிச்சை இல்லை. முறையான ஆய்வுக்கு வெளியே அதைக் கொடுக்கக்கூடாது என்று இந்திய மருத்துவ ஆராய்ச்சி கவுன்சிலின் (ஐ.சி.எம்.ஆர்.) 2017 வழிகாட்டுதல் சொல்கிறது. ஆய்வு என்றால் உங்களிடம் காசு கேட்கமாட்டார்கள்.

பள்ளியில் இடமில்லை என்கிறார்கள்.

2016 ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டப்படி, 40 சதவீதமும் அதற்கு மேலும் பாதிப்புள்ள பிள்ளைக்கு 6 முதல் 18 வயதுவரை இலவசக் கல்வி உரிமை. மாற்றுத்திறனாளிகளுக்கான தனி அடையாள அட்டை (யு.டி.ஐ.டி.) இல்லையென்றால் முதலில் அதை வாங்குங்கள். மறுப்பை எழுத்தில் கேளுங்கள். எழுதித் தரத் தயங்குவார்கள், பாதிப் பிரச்சினை அங்கேயே தீரும். மத்திய அரசின் தேசிய அறக்கட்டளை தரும் நிராமயா மருத்துவக் காப்பீட்டையும் விசாரியுங்கள். வருடத்துக்கு ஒரு லட்சம் ரூபாய் வரை, தெரபிச் செலவுக்கும் சேர்த்து.

ஆறு வயது. எல்லாம் புரிகிறது, பேச்சுதான் இல்லை. படம் காட்டிப் பழக்கினால் பேசாமலே போய்விடுவாளா?

போகமாட்டாள். படமும் செயலியும் பேச்சைத் தடுப்பதில்லை. சென்னையில் உருவான ஆவாஸ் செயலி இதற்கென்றே இருக்கிறது. போன் இல்லாமலும் தொடங்கலாம். ஒரு கையில் தோசை, ஒரு கையில் வாழைப்பழம். எது வேண்டும் என்று கேட்டுவிட்டு அவள் கண்ணைப் பாருங்கள். மனதுக்குள் பத்துவரை எண்ணுங்கள். நாம் மூன்றிலேயே பொறுமை இழந்து தோசையை ஊட்டிவிடுகிறோம். அவள் ஏழில் வாழைப்பழத்தைப் பார்த்திருப்பாள்.