ஈயத்தை வெளியேற்ற புரோபயாடிக் மாத்திரை போதுமா?

கேள்வி: எங்களுக்குத் திருப்பரங்குன்றம் பக்கம். கணவர் பழைய பேட்டரிகளைப் பிரித்து பிளேட் மாற்றும் பட்டறையில் வேலை பார்க்கிறார். மகளுக்கு நாலு வயது. அடிக்கடி வயிறு வலிக்கிறது என்கிறாள், சரியாகச் சாப்பிடுவதில்லை, சுவரைச் சுரண்டித் தின்கிறாள். ரத்தப் பரிசோதனையில் ஈயம் அவளுக்கு 11, கணவருக்கு 26 என்று வந்திருக்கிறது. தெரிந்தவர் ஒருவர், உடம்பில் உள்ள ஈயத்தை நல்ல பாக்டீரியா உறிஞ்சி வெளியே தள்ளிவிடும் என்று சொல்லி, விலை கூடிய புரோபயாடிக் மாத்திரையை மூன்று மாதம் கொடுக்கச் சொல்கிறார். கொடுக்கலாமா? மாமியார் ஈயச்சொம்பில்தான் ரசம் வைக்கிறார். அதனாலும் இருக்குமா?

பதில்: மாத்திரை வாங்க வேண்டாம் அம்மா. அந்தப் பணத்துக்கு உங்கள் வீட்டில் அவசரமான வேறு செலவுகள் இருக்கின்றன.

அவர் சொன்னதில் கொஞ்சம் உண்மை இருக்கிறது. தயிரைப் புளிக்க வைக்கும் லாக்டோபேசில்லஸ் வகை பாக்டீரியாக்களின் மேலுறையில் எதிர்மின் தன்மை உண்டு. ஈயம், காட்மியம் போன்ற உலோக அயனிகள் நேர்மின் தன்மை உள்ளவை என்பதால் அந்த உறையில் ஒட்டிக்கொள்கின்றன. இது வெறும் ஒட்டல்தான். செத்த பாக்டீரியாகூட இதைச் செய்யும். ஒட்டியது மலத்தோடு போய்விடும். சீனாவில் எலிகளுக்குச் சில வகைகளைக் கொடுத்தபோது ஈயமும் காட்மியமும் உடம்பில் சேர்வது குறைந்தது. மனிதர்களிடமும் பார்த்திருக்கிறார்கள். தான்சானியாவில் விக்டோரியா ஏரிக்கரையிலுள்ள முவான்சா நகரில், கர்ப்பிணிகள் 60 பேரையும் பள்ளிக் குழந்தைகள் 44 பேரையும் வைத்து நடந்த ஆய்வு 2014-ல் வெளியானது. கொடுத்தது என்ன தெரியுமா? குறிப்பிட்ட ஒரு பாக்டீரியா சேர்த்த தயிர், கூடவே முருங்கை இலைப்பொடி. தயிர் சாப்பிட்ட கர்ப்பிணிகளுக்குப் பாதரசமும் ஆர்சனிக்கும் மேலும் ஏறுவது மட்டுப்பட்டது. குழந்தைகளிடம் அந்தப் பலன் உறுதிப்படவில்லை.

ஏறுவது மட்டுப்பட்டது, அவ்வளவுதான். ஏற்கெனவே சேர்ந்ததை வெளியேற்றிவிட்டது என்று அந்த ஆய்வு சொல்லவில்லை. இந்த பாக்டீரியா இருப்பது குடலில். இன்று வாய்வழியாகப் போன ஈயத்தில் ஒரு பகுதியைப் பிடிக்கும். பித்தநீரோடு குடலுக்குத் திரும்பும் சிறு பங்கும் சிக்கலாம். ஆனால் ஈயம் கால்சியத்தைப் போல எலும்பில் போய் உட்கார்ந்து, வருடக்கணக்கில் அங்கேயே கிடக்கும். குடலில் இருக்கும் கிருமி அதை எட்டாது. பட்டறைத் தூசியைக் கணவர் மூச்சில் இழுக்கிறாரே, அதையும் எட்டாது.

தயிர், மோர், பழைய சோற்று நீராகாரம் எல்லாம் மகளுக்குத் தாராளமாகக் கொடுங்கள். அது உணவு, மருந்து அல்ல. உங்கள் வீட்டு உறைமோரில் உள்ள பாக்டீரியாவும் ஆய்வில் கொடுத்த வகையும் ஒன்றென்று சொல்ல முடியாது.

இனி முக்கியமான விஷயம். அந்தக் குழந்தைக்கு ஈயம் தினமும் எங்கிருந்து வருகிறது? எனக்கு முதல் சந்தேகம் அப்பாவின் சட்டை மேல். பேட்டரிக்குள் இருக்கும் ஈய பிளேட்டைப் பிரிக்கும்போதும், ஈயத்தை உருக்கி டெர்மினல் (மின்கம்பி மாட்டும் முனை) ஊற்றும்போதும் கிளம்பும் சாம்பல் நிறத் தூசி சட்டைப் பை மடிப்பிலும், கைலி ஓரத்திலும், நகக்கண்ணிலும் தங்கும். சாயங்காலம் வந்ததும் மகள் ஓடிப்போய் அவர் மடியில் ஏறுவாள். அந்தக் கையை வாயில் வைப்பாள். நாலு வயதுக் குழந்தையின் குடல், விழுங்கிய ஈயத்தில் பாதி வரைகூட உறிஞ்சிவிடும். பெரியவர்களுக்குப் பத்தில் ஒரு பங்குதான்.

ஆகவே அவர் பட்டறையிலேயே சோப்பு போட்டுக் குளித்து, வேறு துணி மாற்றிக்கொண்டு கிளம்ப வேண்டும். முடியாவிட்டால் வீட்டுக்குப் பின்பக்கமாக வந்து, குளித்த பிறகு பிள்ளையைத் தூக்கட்டும். வேலைத் துணியைத் தனியாக ஊறவைத்துத் துவையுங்கள். செருப்பு வாசலோடு நிற்கட்டும். விளக்குமாற்றால் கூட்டினால் தூசி பறக்கும், ஈரத்துணியால் துடையுங்கள். பட்டறையில் கை கழுவாமல் டிபன் பாக்ஸைத் திறப்பதும் பீடி பற்றவைப்பதும் கூடாது. பழைய பேட்டரி எதுவும் வீட்டு முற்றத்துக்கு வரவே கூடாது.

அடுத்தது ஈயச்சொம்பு. மாமியார் மனம் நோகாமல் சொல்லுங்கள். நாம் இதுவரை பேசிய ஈயம் காரீயம்; வெள்ளீயம் (டின்) வேறு உலோகம். நல்ல ஈயச்சொம்பு வெள்ளீயத்தில் செய்தது, அதில் ஆபத்தில்லை. ஆனால் வெள்ளீயம் விலை அதிகம், காரீயம் மலிவு. அதனால் கலப்படம் நடக்கிறது. கண்ணால் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது. கலந்திருந்தால் ரசத்தின் புளிப்பு காரீயத்தைக் கரைத்து இறக்கிவிடும். ஆய்வகத்தில் சோதித்துப் பார்க்கும்வரை பரணில் இருக்கட்டும், ரசம் எவர்சில்வரில் கொதிக்கட்டும்.

சுவரைத் தின்பதை வெறும் கெட்ட பழக்கமாக நினைத்து அடிக்காதீர்கள். பெரும்பாலும் அது இரும்புச்சத்துக் குறைவின் அடையாளம். பழைய பெயிண்டில் ஈயம் இருக்கக்கூடும் என்பதால் சுவரே ஆபத்தாகவும் ஆகலாம். இரும்பு உள்ளே போகும் அதே வழியில்தான் ஈயமும் புகுகிறது. இரும்பு குறைந்தால் ஈயம் கூடுதலாக ஏறும். ரத்தத்தில் ஹீமோகுளோபின், உடம்பில் இரும்பின் சேமிப்பைக் காட்டும் ஃபெரிட்டின் இரண்டும் பாருங்கள். முருங்கைக்கீரை, கேழ்வரகு, முட்டை கொடுங்கள். அசைவம் சாப்பிடுவீர்கள் என்றால் சுவரொட்டி (ஆட்டு மண்ணீரல்) நல்லது. வெறும் வயிற்றில் ஈயம் அதிகம் ஏறும், குழந்தையைப் பட்டினி போடாதீர்கள்.

100 மில்லி ரத்தத்தில் இத்தனை மைக்ரோகிராம் என்பதே உங்கள் ரிப்போர்ட்டின் கணக்கு. இந்த அளவுவரை பாதுகாப்பு என்று சொல்லத்தக்க எல்லை ஈயத்துக்குக் கிடையாது. குழந்தைக்கு 5 வந்தாலே, காரணத்தைக் கண்டுபிடித்து அகற்றச் சொல்கிறது உலக சுகாதார நிறுவனம். ஈயத்தைப் பிணைத்து சிறுநீரில் வெளியேற்றும் மருந்து 45-ஐ எட்டும்போதுதான். அதுவும் மருத்துவமனைக் கண்காணிப்பில். 11-க்கு அது தேவையில்லை. பற்பம், செந்தூரம் போன்ற உலோகம் சேர்ந்த சித்த மருந்து எதையும் நீங்களாக வாங்கிக் கொடுக்க வேண்டாம்.

மகளுக்கு ஒரு மாதத்திலிருந்து மூன்று மாதத்துக்குள் மறுபடி ஈயம் பாருங்கள். நீங்கள் மறுபடி கர்ப்பமாக இருந்தாலோ பால் கொடுத்தாலோ உங்கள் ரத்தத்தையும் பார்க்க வேண்டும். எலும்பிலுள்ள ஈயம் அந்தக் காலத்தில் கரைந்து பிள்ளைக்குப் போகும். மகளுக்கு விடாத வாந்தி, அசாதாரணத் தூக்கம், வலிப்பு எது வந்தாலும் அடுத்த பரிசோதனைக்குக் காத்திருக்காமல் அன்றைக்கே பெரியாஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போங்கள். அப்பா பேட்டரிப் பட்டறையில் இருக்கிறார், ஈயம் 11 என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள்.