சின்ன வகுப்பு ஆசிரியர் பயிற்சி: கேள்வி-பதில்

கே: பி.எட். முடித்திருக்கிறேன். மூன்றாம் வகுப்புக்குப் போகலாமா? (தேனி)

ப: முடியாது. பி.எட். முடித்தவர்களும் அந்த வகுப்புகளுக்குப் போகலாம் என்று 2018-இல் என்.சி.டி.இ. (தேசிய ஆசிரியர் கல்வி கவுன்சில்) திறந்துவிட்ட வழியை 2023 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் அடைத்துவிட்டது. ஒன்று முதல் ஐந்து வரை என்றால் டி.எல்.எட். (தொடக்கக் கல்விப் பட்டயம்), கூடவே டெட் என்கிற ஆசிரியர் தகுதித் தேர்வின் முதல் தாள்.

கே: டெட் சான்றிதழ் ஏழு வருடம்தானே செல்லும்?

ப: பழைய கதை. 2021-லேயே ஆயுளுக்கும் செல்லும் என்று மாற்றியாயிற்று. ஆனால் டெட் பாஸ் என்றால் அரசு வேலை என்று நினைத்துவிடாதீர்கள். தமிழ்நாட்டில் அதற்குப் பிறகு போட்டித் தேர்வு தனியாக உண்டு.

கே: ஆன்லைனில் ஆறு மாத மாண்டிசோரி டீச்சர் கோர்ஸ், 25 ஆயிரம் ரூபாய். சேரலாமா? (சேலம்)

ப: மாதம் நாலு கடிதமாவது இதே கேள்வியோடு வருகிறது. இந்தக் கற்பிக்கும் முறையை உருவாக்கிய மரியா மாண்டிசோரி 1939-இல் சென்னை அடையாறுக்கு வந்து நேரிலேயே பயிற்சி நடத்தினார். இன்று அந்தப் பெயரை யார் வேண்டுமானாலும் போர்டில் எழுதிக்கொள்கிறார்கள். மாண்டிசோரி வகுப்பில் குழந்தைகள் கையாளும் சிலிண்டர் கட்டையை எடுத்துக்கொள்ளுங்கள். வேறு வேறு அளவில் பத்துக் குழி, பத்து உருளை. குழந்தை ஒன்றை மாற்றிப் போட்டால் கடைசியில் ஓர் உருளை இடமில்லாமல் நிற்கும். தப்பு எங்கே என்று குழந்தையே தேடும். அதுவரை டீச்சர் வாயைத் திறக்காமல், கையை நீட்டாமல் உட்கார்ந்திருக்க வேண்டும். இந்தப் பொறுமை குழந்தைகள் நடுவில் மாதக்கணக்காக உட்கார்ந்தால்தான் வரும், வீடியோ பார்த்து வராது. அந்தச் சான்றிதழைக் காட்டினால் பக்கத்துத் தெரு பிளே ஸ்கூலில் வேலை கிடைக்கலாம். சம்பளம்? பிளஸ் டூ முடித்து நேரே வருகிற பெண்ணுக்குக் கொடுப்பதைத்தான் கொடுப்பார்கள். மழலையர் வகுப்புக்கென்றே டி.பி.எஸ்.இ. என்று இரண்டு வருடப் பட்டயம் இருக்கிறது. பக்கத்தில் எங்கே நடக்கிறது என்று தேடுங்கள். எதுவானாலும், பணம் கட்டும் முன் என்.சி.டி.இ. அங்கீகார உத்தரவின் நகலைக் கேளுங்கள்.

கே: மகள் பிளஸ் டூ. டி.எல்.எட். சேர்க்கலாமா?

ப: குழந்தைகளோடு இருக்கப் பிடிக்குமா என்று முதலில் மகளைக் கேளுங்கள். பிடிக்கும் என்றால் மாவட்ட ஆசிரியர் பயிற்சி நிறுவனத்தில் விண்ணப்பியுங்கள், செலவு குறைவு. தனியார் என்றால், மறுபடி சொல்கிறேன், அங்கீகார உத்தரவு.

கே: அம்மா டீச்சர், வயது 50. டெட் எழுதவில்லை. வேலை போய்விடுமா?

ப: எந்தப் பள்ளி, எத்தனையாம் வகுப்பு, எதுவுமே எழுதவில்லையே! ஓய்வு பெற ஐந்து வருடத்துக்கு மேல் இருப்பவர்கள் இரண்டு வருடத்துக்குள் டெட் பாஸ் செய்ய வேண்டும் என்று 2025 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. சிறுபான்மைப் பள்ளி என்றால் கணக்கு வேறு. விவரத்தோடு எழுதுங்கள்.