வேலியோரம் ஊரும் நத்தையைப் பிடித்துச் சமைக்கலாமா?

கேள்வி: கோலாலம்பூர், செந்தூலில் தரைவீட்டில் குடியிருக்கிறோம். மழை விட்டதும் வேலியோரத்திலும் லொங்காங் எனும் சாக்கடை வடிகாலின் விளிம்பிலும் பெரிய நத்தைகள் ஊர்கின்றன. தோட்டத்தில் வாழ்ந்த காலத்தில் என் பாட்டி நத்தைக்கறி வைப்பார். பிரெஞ்சுக்காரர்கள் நத்தையைச் சில நாள் பட்டினி போட்டுச் சமைப்பதாகவும் அறிந்தேன். நாங்களும் அவ்வாறு செய்யலாமா?

பதில்: தாங்கள் காண்பது பெரும்பாலும், மலாய்க்காரர்கள் சிப்புட் பாபி என்றழைக்கும் ஆப்பிரிக்கப் பெருநத்தையாகவே இருக்கும். கூம்பி நீண்ட ஓடும் அதன்மேல் ஓடும் பழுப்பு வரிகளும் அதற்கு அடையாளம். ஐரோப்பியர் பூண்டும் வெண்ணெயும் சேர்த்து உண்ணும் உருண்டை ஓட்டு நத்தை வேறு. தமிழகத்து வயல்களில் பிடிக்கும் நீர்நத்தையும் வேறு. கிழக்கு ஆப்பிரிக்காவுக்குரிய இந்த நத்தை 1847இல் கல்கத்தாவுக்குக் கொண்டுவரப்பட்டு, பின்னர் ஆசியாவின் பல பகுதிகளுக்கும் பரவியது. இதன் உறவினங்களைக் கானாவிலும் நைஜீரியாவிலும் விரும்பி உண்கிறார்கள். ஆகவே இது உண்ணவே தகாத உயிரினம் அன்று. நம் தாமான்களில், அதாவது குடியிருப்புப் பகுதிகளில், சிக்கல் எலியால் வருகிறது.

எலியின் நுரையீரல் இரத்தக்குழாயில் வாழும் ஒருவகைப் புழுவின் இளம்புழுக்கள் எலிப் புழுக்கையோடு வெளியேற, அதை மேயும் நத்தையின் தசைக்குள் அவை புகுந்து வளர்ந்து, அந்நத்தையைப் பச்சையாகவோ அரைவேக்காட்டிலோ உண்ணும் மனிதருக்குள் சென்றால் மூளைவரை ஏறி மூளையுறை அழற்சியை உண்டாக்குகின்றன. ஆஸ்திரேலியாவில் 2010ஆம் ஆண்டு நண்பர்களின் சவாலுக்காக ஓடில்லா நத்தையொன்றை விழுங்கிய இளைஞர், ஓராண்டுக்கும் மேலாக நினைவிழந்து கிடந்து, 2018இல் உயிரிழந்தார். மூலத்துக்கும் இழுப்புக்கும் நல்லதென்று பச்சை நத்தையை விழுங்கச் சொல்லும் கைவைத்தியத்தைத் தயவுசெய்து கேட்காதீர்கள்.

பட்டினி போடுவது குடலிலுள்ள மண்ணையும் கழிவையும் மட்டுமே வெளியேற்றும்; தசைக்குள் இருக்கும் புழுவை அது தொடாது. உப்பு, புளி, எலுமிச்சை ஆகியவற்றையும் நம்ப இயலாது. புழுவை உறுதியாகக் கொல்வது நல்ல கொதி. ஆனால் கொதியாலும் தீராதது ஒன்று உண்டு. சாலையோர மண்ணிலிருந்து சேரும் ஈயமும் காட்மியமும் நத்தையின் உடலிலேயே தங்கிவிடும். எவ்வளவு நேரம் வேகவைத்தாலும் அவை அழியா. அண்டை வீட்டார் பூச்செடிக்குத் தூவிய நத்தைக் கொல்லிக் குருணையைத் தின்றுவிட்டு, தங்கள் வேலிக்கு ஊர்ந்து வந்த நத்தையையும் பார்த்து அடையாளம் காண முடியாது. எனவே லொங்காங் ஓரத்து நத்தை வேண்டாம் என்பதே என் முடிவு.

குருணையோ களைக்கொல்லியோ படாத, பாதையிலிருந்து விலகிய சொந்தத் தோட்டம் இருந்து, அப்போதும் ஆசை விடவில்லை என்றால், கையுறை அணிந்து உயிருள்ளவற்றை மட்டும் எடுங்கள். காற்றுப் புகும் மூடியுள்ள பெட்டியில் ஐந்தாறு நாள் சுத்தமான கீரையும் மாவும் கொடுத்து, கடைசி இரண்டு நாள் பட்டினி போட்டு, தினமும் பெட்டியைக் கழுவி, செத்தவற்றை அகற்றுங்கள். கொதிக்கும் நீரில் பத்து நிமிடம் விட்டெடுத்தால் ஊசியால் இழுக்க ஓட்டிலிருந்து சுருளாகக் கழன்று வரும். முன்பகுதி கெட்டியான சாம்பல் தசை. பின்னால் கருத்துச் சுருண்டிருப்பது செரிமானச் சுரப்பி. உலோகங்கள் அதிகம் தேங்குமிடம் அதுவே என்பதால் அதை முழுதாக வெட்டி எறிந்துவிட வேண்டும். மிஞ்சும் தசையை உப்பும் புளித்தண்ணீரும் இட்டு, வழுவழுப்புப் போகும்வரை தேய்த்துக் கழுவி, இன்னும் முக்கால் மணி நேரம் வேகவைத்த பிறகே மசாலாவில் இடுங்கள். சிலர் இதையெல்லாம் ஒழுங்காகச் செய்துவிட்டு, நத்தையை வைத்த அதே பலகையில் வெள்ளரிக்காயை நறுக்குவார்கள். வழுவழுப்பிலும் புழு இருக்கக்கூடும் என்பதால் பலகையும் கத்தியும் தனியாக இருக்கட்டும். பச்சையாக உண்ணும் வல்லாரையை இலை இலையாகப் பிரித்துக் கழுவுவதும் இதே காரணத்துக்காகத்தான்; நகத்தளவுக் குட்டி நத்தைகள் அதன் காம்படியில் ஒளிந்திருக்கும்.

உண்டபின் ஒன்று முதல் மூன்று வாரங்களுக்குள் கடும் தலைவலி, கழுத்து விறைப்பு, வாந்தி, தோலில் ஊசி குத்துவது போன்ற உணர்வு ஆகியவை வந்தால் உடனே மருத்துவமனைக்குச் செல்லுங்கள். தலைவலியும் காய்ச்சலும் என்றால் இங்கே முதலில் டெங்கியைத்தான் நினைப்பார்கள். ஆதலால் நத்தை உண்டதையும் எந்த நாளில் உண்டீர்கள் என்பதையும் கேட்கும் முன்பே மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள்.