வயசான அப்பா அம்மா, சின்னப் பிள்ளைங்களோட கோடை லீவுல கனடாவுல கார்ல எந்தெந்த ஊருக்குப் போகலாம்?

வீடு டொராண்டோ பக்கம், அப்பா அம்மா இந்தியாலேர்ந்து வந்திருக்காங்க, ரெண்டு சின்னப் பிள்ளைங்க, ஒரு வாரம் பத்து நாள் லீவு, பான்ஃபா ஹாலிஃபாக்ஸா நயாகராவான்னு கேட்டிருக்கீங்க. நேரா சொல்லிடறேன், கிங்ஸ்டன், ஒட்டாவா, மான்ட்ரியல், க்யூபெக் சிட்டி, இதே வரிசைல போங்க. பான்ஃப் இங்கேர்ந்து ரோடு வழியா 3,000 கிலோமீட்டருக்கு மேல, முட்டி வலியோட இருக்கறவங்கள கார்ல அவ்ளோ தூரம் உக்கார வெக்கவே கூடாது, அதுக்கு ஃப்ளைட்ல போய் அங்க கார் எடுத்துக்கறதுதான் சரி. ஹாலிஃபாக்ஸும் ரொம்ப தூரம். நயாகரா ஒரு ஞாயித்துக்கிழமை போயிட்டு வர்ற இடம், அதுக்குப் போய் லீவ செலவு பண்ணாதீங்க.

போன கோடைல எங்க அப்பா அம்மா திருச்சிலேர்ந்து வந்தப்போ இதே ரூட்லதான் போனோம். நாங்க இருக்கறது டொராண்டோ பக்கத்துல மிசிசாகா, 401ங்கற ஹைவேல ஏறினா நேரா கிழக்க போய்க்கிட்டே இருக்க வேண்டியதுதான். டொராண்டோ - கிங்ஸ்டன் 260 கிலோமீட்டர், அங்கேர்ந்து ஒட்டாவா 200க்குள்ள, ஒட்டாவா - மான்ட்ரியல் 200, மான்ட்ரியல் - க்யூபெக் சிட்டி 250. அதாவது போகும்போது எந்த நாளும் மூணு மணி நேரத்துக்கு மேல வண்டில இருக்க வேண்டாம், வயசானவங்களுக்கு இத விட பெரிய வசதி கிடையாது. ஆனா நான் இந்த ரூட்ட சொல்றதுக்கு உண்மையான காரணம் வேற, இந்த ஊருங்க எல்லாத்தையும் ஒரே தண்ணி கோத்துக்கிட்டு போகுது. டொராண்டோவுல பாக்கற அதே ஒன்டாரியோ ஏரி கிங்ஸ்டன்கிட்ட செயின்ட் லாரன்ஸ் ஆறா மாறி வெளிய வருது, ஒட்டாவா ஆறு மான்ட்ரியல்கிட்ட வந்து அதுல சேருது, அப்பறம் க்யூபெக் சிட்டிய தாண்டி கடலுக்குப் போகுது. அப்பா பொதுப்பணித்துறைல கால்வாய், மதகு, ஷட்டர்னு இருந்து ரிடையர் ஆனவர், அவருக்கு இத மேப்ல காட்டினதும் டிரிப் மேல வந்த ஆர்வமே வேற.

இன்னொரு விஷயம், இந்த ஊருங்க எல்லாமே ஒரு காலத்துல தலைநகரா இருந்தவை. 1841ல கிங்ஸ்டன், 1844ல மான்ட்ரியல், 1849ல அங்க கலவரத்துல பார்லிமென்ட் கட்டடத்தையே கொளுத்தினதுக்கு அப்பறம் டொராண்டோவும் க்யூபெக் சிட்டியும் மாறி மாறி, கடைசில 1857ல விக்டோரியா ராணி ஒட்டாவாவ தேர்ந்தெடுத்தாங்க. பெரியவனுக்கு இத சொன்னதுலேர்ந்து ஒவ்வொரு ஊர்லயும் பழைய பார்லிமென்ட் எங்க இருந்துச்சுன்னு தேட ஆரம்பிச்சுட்டான்.

வழில போர் அடிக்காம இருக்க ஒண்ணு சொல்றேன். 401ல எக்ஸிட் நம்பர்ங்கறது விண்ட்சர் பக்கத்துலேர்ந்து எத்தனையாவது கிலோமீட்டர்ங்கற கணக்கு. அதனால அடுத்த ஊருக்கு இன்னும் எவ்ளோ தூரம்னு பிள்ளைங்களே கழிச்சுப் பாத்து சொல்லிடுவாங்க, தாத்தாவும் பேரனும் இத வெச்சே ரொம்ப நேரம் ஓட்டினாங்க. கால்போர்ன்ல ரோட்டுலேர்ந்தே தெரியற பெரிய ஆப்பிள் பொம்மை இருக்கு, பத்து மீட்டருக்கு மேல உயரம், அங்க நிறுத்தி ஆப்பிள் பை வாங்கிக்கோங்க. மத்தபடி ஆன்ரூட்ங்கற ஹைவே ரெஸ்ட் ஸ்டாப் எங்க வந்தாலும் நிறுத்திடுங்க, அம்மாவ இறக்கி பத்து நிமிஷம் நடக்க விட்டா சாயங்காலம் கால் வீங்காது.

கிங்ஸ்டன்ல ஒரு நாள் போதும். ஃபோர்ட் ஹென்றி பிள்ளைங்களுக்குப் பிடிக்கும், பழைய சிப்பாய் டிரெஸ்ல அணிவகுப்பெல்லாம் கோடைல நடக்கும். அடுத்த நாள் பக்கத்துல கனனோக்வே போய் தவுசண்ட் ஐலண்ட்ஸ் போட் எடுங்க. பேர்தான் தவுசண்ட், நிஜத்துல 1,800க்கு மேல தீவு, சிலதுல ஒரே ஒரு வீடு, வாசல்ல ஒரு படகு, அவ்ளோதான். இங்க ஒண்ணு கவனமா கேட்டுக்கோங்க, போல்ட் காசில் இருக்கற ஹார்ட் ஐலண்ட் அமெரிக்கா எல்லைக்குள்ள இருக்கு, அங்க இறங்கணும்னா இந்திய பாஸ்போர்ட் வெச்சிருக்கறவங்களுக்கு அமெரிக்க விசா வேணும். அப்பா அம்மாகிட்ட அது இல்லைன்னா இறங்காம சுத்திக் காட்டிட்டு வர்ற டிக்கெட்டா கேட்டு வாங்குங்க. போட்லேர்ந்தே நல்லா தெரியும். போல்ட்ங்கற ஹோட்டல் முதலாளி பொண்டாட்டி லூயிஸுக்காக கட்ட ஆரம்பிச்சது, 1904ல அவங்க திடீர்னு இறந்ததும் அப்படியே வேலைய நிறுத்தச் சொல்லிட்டாராம், அப்பறம் அந்தத் தீவுக்கே அவர் திரும்ப வரல. அம்மா அத கேட்டுட்டு கரை வர்ற வரைக்கும் அந்தப் பக்கமே பாத்துக்கிட்டு இருந்தாங்க.

ஒட்டாவா பத்தி எல்லாரும் போர் அடிக்கற ஊர், ஆபீஸ் ஊர்னு சொல்லுவாங்க. நான் ஒத்துக்க மாட்டேன், வயசானவங்களும் குழந்தைங்களும் சேர்ந்து போறதுக்கு இந்த ரூட்லயே நல்ல ஊர் அதுதான், குறைஞ்சது ரெண்டு ராத்திரி தங்குங்க. பார்லிமென்ட்ல சென்டர் பிளாக்ங்கற நடுக் கட்டடம் 2019லேர்ந்து ரிப்பேர் வேலைக்காக மூடியிருக்கு, சபை இப்போ வெஸ்ட் பிளாக்ல நடக்குது, அத சுத்திப் பாக்க காசு கிடையாது, ஆனா முன்னாடியே ஆன்லைன்ல புக் பண்ணிடுங்க. பார்லிமென்ட் இருக்கற மேட்டுக்குப் பக்கத்துலயே கீழ இறங்கினா ரிடோ கால்வாயோட எட்டு லாக், அதாவது போட்ட ஏத்தி இறக்கற கதவு போட்ட தண்ணிப் பெட்டிங்க, படிக்கட்டு மாதிரி வரிசையா இருக்கு. எங்க டிரிப்ல எனக்கு மறக்காத இடம் இதுதான். கால்வாய்லேர்ந்து ஒட்டாவா ஆத்துக்கு இறங்கற போட், ஒவ்வொரு பெட்டிக்குள்ளயும் போய் நிக்கும், பின்னாடி கதவ மூடுவாங்க, முன்னாடி கதவுல இருக்கற சின்ன மதகத் திறந்து தண்ணிய வடிப்பாங்க, அடுத்த பெட்டியோட மட்டத்துக்கு வந்ததும் கதவத் திறப்பாங்க. மோட்டார் கிடையாது, இன்னமும் ரெண்டு பேர் இந்தப் பக்கம் ரெண்டு பேர் அந்தப் பக்கம் நின்னு கையால சுத்தித்தான் திறக்கறாங்க, 1832ல எப்படியோ அப்படியே. எட்டையும் தாண்டி மொத்தம் 24 மீட்டர் இறங்க ஒன்றரை மணி நேரம் ஆகும். அப்பா அந்த ஒரு போட்ட மேல் லாக்லேர்ந்து கீழ வரைக்கும் கூடவே நடந்து பாத்தார், கதவு ரெண்டும் ஏன் நேரா மூடாம தண்ணி வர்ற பக்கம் பாத்து கோணமா மூடுதுன்னு பேரனுக்கு கை ரெண்டையும் வெச்சு விளக்கினார், தண்ணி தள்ளத் தள்ள கதவு இன்னும் இறுகும்னு. அவன் ஸ்கூல்ல எவ்ளோ படிச்சாலும் இது மாதிரி வராது.

இந்தக் கால்வாய் எதுக்குன்னும் பிள்ளைங்களுக்குச் சொல்லுங்க. 1812ல அமெரிக்காவோட சண்டை வந்துச்சு, அதுக்கப்பறம் இங்க இருந்த பிரிட்டிஷ்காரங்களுக்கு ஒரே கவலை, மான்ட்ரியல்லேர்ந்து கிங்ஸ்டனுக்கு சாமான் கொண்டு வர்ற ஆத்துவழி அமெரிக்கக் கரைய ஒட்டியே வருது, மறிச்சுட்டா என்ன பண்றது? அதுக்காக உள்ள காட்டு வழியா 202 கிலோமீட்டருக்கு ஒரு மாத்து வழி, ஜான் பைங்கற கர்னல் ஆறு வருஷத்துல முடிச்சார். கிட்டத்தட்ட ஆயிரம் பேர் அந்த வேலைல செத்துப் போனாங்கன்னு சொல்றாங்க, நிறைய பேர் மலேரியாவுல. கனடாவுல மலேரியாவான்னு அப்பாவே நம்பல. கட்டி முடிச்சதுக்கு அப்பறம் சண்டையே வரல. அத கேட்டதும் அப்பா, "நல்லதாப் போச்சு, தண்ணி தண்ணிக்காகவே ஓடட்டும்"னார்.

ஒட்டாவாவுல மியூசியம் ஒண்ணே ஒண்ணு போறதா இருந்தா ஆத்துக்கு அந்தப் பக்கம் காட்டினோல இருக்கற ஹிஸ்டரி மியூசியம் போங்க. உள்ளயே குழந்தைங்களுக்குன்னு தனி மியூசியம் இருக்கு, பெரியவங்க உக்காந்துக்கலாம். பெரிய ஹால்ல பசிஃபிக் கரையோர பூர்வகுடி மக்கள் மரத்துல உருவம் செதுக்கின டோட்டம் கம்பங்க வரிசையா நிக்குது. சாயங்காலம் பைவார்ட் மார்க்கெட், பீவர்டெயில்னு ஒரு பலகாரம், மாவ தட்டிப் பொரிச்சு சக்கரையும் பட்டைப் பொடியும் தூவித் தருவாங்க.

மான்ட்ரியல் போறதுக்கு முன்னாடி டிரைவ் பண்றவங்களுக்கு ரெண்டு விஷயம். மான்ட்ரியல் தீவுக்குள்ள சிவப்பு சிக்னல்ல ரைட் எடுக்கக் கூடாது, ஒன்டாரியோ பழக்கத்துல திரும்பிடாதீங்க. அப்பறம் கார் சீட், ஒன்டாரியோவுல 8 வயசு ஆனா பூஸ்டர்ங்கற உயர்த்தி உக்கார வெக்கற சீட் தேவையில்ல, ஆனா க்யூபெக்ல 9 வயசு இல்லைன்னா 145 சென்டிமீட்டர் உயரம் ஆகணும், உங்க பெரிய பிள்ளை அந்த இடைல இருந்தா சீட்ட வீட்ல விட்டுட்டு வந்துடாதீங்க.

மான்ட்ரியலும் ஸ்ரீரங்கம் மாதிரி ஆத்துக்கு நடுவுல இருக்கற தீவுதான், என்ன, பல மடங்கு பெருசு. ஒட்டாவாலேர்ந்து வரும்போது தீவோட மேற்கு முனைதான் முதல்ல வரும், அங்க டாலார்ட் டி ஓர்மோல ஈழத் தமிழர்கள் கட்டின திருமுருகன் கோயில் இருக்கு, அம்மாவ முதல்ல அங்க கூட்டிட்டுப் போயிடுங்க, அதுக்கப்பறம் மூணு நாள் சர்ச்சா பாத்தாலும் சந்தோஷமா வருவாங்க. செயின்ட் ஜோசப் ஆரட்டரிங்கற பெரிய சர்ச்சுல நடுவுல 99 மரப்படி இருக்கு, முட்டி போட்டு ஏறி வேண்டிக்கறவங்களுக்கு மட்டும்னே ஒதுக்கினது, அம்மா கீழ நின்னு ஒரு வயசான அம்மா ஏறி முடிக்கற வரைக்கும் கைகூப்பிக்கிட்டே இருந்தாங்க. பிள்ளைங்களுக்கு பயோடோம், 1976 ஒலிம்பிக்ஸ்ல சைக்கிள் ரேஸ் நடந்த கட்டடம், இப்போ உள்ள காடு, பெங்குவின் எல்லாம். ஊருக்குள்ள கார எடுக்காதீங்க, எங்க பாத்தாலும் ரோடு வேலையும் ஆரஞ்சு கோனும், மெட்ரோல 11 வயசு வரைக்கும் பிள்ளைங்களுக்கு டிக்கெட்டே வேண்டாம். லஷீன் ரேபிட்ஸ், ஆறு பாறை மேல வேகமா பாயற இடம், போய்ப் பாருங்க, அந்த நுரைய பாத்தாதான் கப்பல் ஏன் அதுக்கு மேல போக முடியல, ஊர் ஏன் சரியா அங்க வந்து உக்காந்துச்சுன்னு புரியும், அதத் தாண்டத்தான் லஷீன் கால்வாய் வெட்டி 1825ல திறந்தாங்க.

சாப்பாடு: பூட்டீன்னு உருளைக்கிழங்கு வறுவலும் சீஸும் சேந்த ஐட்டத்துல ஊத்தற கிரேவி சாதாரணமா கறிச்சாறுல செஞ்சது, சைவம்னா கேட்டுட்டு வாங்குங்க. மான்ட்ரியல் பேகல், வளையம் மாதிரி ரொட்டி, தேன் கலந்த தண்ணில வேக வெச்சு விறகு அடுப்புல சுடறது, சூடா வாங்கி அங்கயே சாப்பிடணும். மத்தபடி கிச்சனோட இருக்கற ரூமா எடுத்துடுங்க, குக்கரும் புளிக்காய்ச்சலும் இருந்தா ராத்திரி அப்பா அம்மாவுக்கு ரசம் சாதமோ புளியோதரையோ ஆயிடும், மறுநாள் அவங்க தெம்பா நடப்பாங்க.

க்யூபெக் சிட்டிக்கு நேரம் மிச்சம் வெச்சுக்கோங்க, நிறைய பேர் மான்ட்ரியலோட திரும்பிடறாங்க, அது எனக்கு மனசுக்கு கஷ்டமா இருக்கும். 1608ல ஷாம்ப்ளேன்ங்கற பிரெஞ்சுக்காரர் ஆரம்பிச்ச ஊர், மெக்சிகோவுக்கு வடக்க கோட்டை மதில் இன்னும் அப்படியே நிக்கற ஒரே ஊர், மதிலே 4.6 கிலோமீட்டர். மேல் ஊர் கீழ் ஊர்னு ரெண்டா இருக்கு, படி ஏற முடியாதவங்களுக்கு சரிவுல ஏறி இறங்கற ஃபனிகுலர் வண்டி இருக்கு, கிளம்பறதுக்கு முன்னாடி அது ஓடுதான்னு பாத்துக்கோங்க. எல்லாத்த விடவும் ஆத்துக்கு அந்தக் கரைல இருக்கற லெவி ஊருக்குப் போற ஃபெர்ரில ஏறிடுங்க, பத்து பன்னெண்டு நிமிஷம்தான், திரும்பி வரும்போது கோட்டை மாதிரி இருக்கற ஷாட்டோ ஃப்ரான்டெனாக் ஹோட்டலும் மதிலும் முழுசா கண்ணு முன்னாடி நிக்கும். பக்கத்துல மான்ட்மொரென்சி அருவி 83 மீட்டர், நயாகராவ விட உயரம், கேபிள் கார் இருக்கு. எதிர்லயே ஐல் ஓர்லியான் தீவு, ஜூலைல தோட்டத்துல இறங்கி நாமளே ஸ்ட்ராபெர்ரி பறிக்கலாம். பிள்ளைங்கள விட அம்மாதான் கூடைய நிரப்பினாங்க.

ரூம் புக் பண்றதுல ஒண்ணு முக்கியம், ஜூலை கடைசி ரெண்டு வாரம் க்யூபெக்ல கட்டட வேலைக்காரங்களுக்கு மொத்தமா லீவு, மாநிலமே வெளிய கிளம்பிடும், ரூம் கிடைக்காது, கிடைச்சா விலை தாங்காது. ஜூலை 1 மான்ட்ரியல்ல எல்லாரும் வீடு மாறற நாள், தெருவெல்லாம் லாரி நிக்கும். ஜூலை ரெண்டாவது வாரம் இல்லைன்னா ஆகஸ்ட் நடுவுல வெச்சுக்கோங்க. திரும்பி வர்றது 800 கிலோமீட்டர், ஒரே நாள்ல ஓட்டாதீங்க, கார்ன்வால் பக்கம் ஒரு ராத்திரி படுத்துட்டு வாங்க. லீவு இன்னும் ரெண்டு நாள் இருந்தா திரும்பாம மேல டாடூசாக் வரைக்கும் போங்க, க்யூபெக் சிட்டிலேர்ந்து 200 கிலோமீட்டர் சொச்சம், சாகனே ஆத்த தாண்டற ஃபெர்ரி இலவசம், அங்க திமிங்கலம் வரும். எங்களுக்கு அதுக்கு நாள் இல்ல, அப்பா அடுத்த தடவை விசா கிடைச்சதும் முதல்ல அங்கதான்னு இப்பவே சொல்லி வெச்சிருக்கார்.