ஏலத்தில் 60 வருஷப் பழைய ஸ்பெயின் சிவப்பு ஒயின் வாங்கலாமா?

தாராளமாக வாங்கலாம். இங்கிலாந்து ஆன்லைன் ஏலம் ஒன்றில் 1964ஆம் ஆண்டு ரியோகா (வட ஸ்பெயினின் ரியோகா பகுதி ஒயின்) பார்த்தேன், மாமனாரின் பிறந்த வருஷம், வாங்கிக் கொடுத்தால் குடிக்கிற நிலையில் இருக்குமா என்று கேட்டிருக்கிறீர்கள். வருஷத்தைப் பற்றிக் கவலையே வேண்டாம், ரியோகாவில் போன நூற்றாண்டின் மிகச் சிறந்த அறுவடைகளைச் சொல்லச் சொன்னால் 1964ஐ விட்டுவிட்டு யாரும் பேச மாட்டார்கள். கவலைப்பட வேண்டியது அந்த ஒரு பாட்டில் இத்தனை காலம் எங்கே, எப்படிக் கிடந்தது என்பதைப் பற்றித்தான். ஒன்று குளிர்ச்சியான நிலவறையில் படுத்தே கிடந்திருக்கும், இன்னொன்று யாரோ ஒருவர் வீட்டு அலமாரியில் ஹீட்டர் பக்கத்தில் நின்றுகொண்டே இருந்திருக்கும், ஆனால் ஏலப் பட்டியலில் இரண்டுக்கும் ஒரே பெயர்.

அதனால் நான் லேபிளுக்கு முன்னால் பார்ப்பது ஒயின் எந்த மட்டத்தில் நிற்கிறது என்பதை. கார்க் வழியாகக் காலப்போக்கில் கொஞ்சம் கொஞ்சமாகக் குறையும், அது இயல்பு. இந்த வயதுக்கு மட்டம் கழுத்தின் அடியிலோ தோளின் (கழுத்துக்குக் கீழே பாட்டில் அகலமாகும் வளைவின்) மேல் பகுதியிலோ இருந்தால் ரொம்ப நல்லது, தோளின் நடுவுக்கு இறங்கிவிட்டால் எவ்வளவு மலிவாக வந்தாலும் விட்டுவிடுங்கள். தோளே இல்லாத, சரிந்த வடிவப் பாட்டிலும் ரியோகாவில் உண்டு (லோபஸ் தே எரேதியா என்ற நிறுவனத்தின் டொண்டோனியா ஒயின் தோள் உள்ள பாட்டிலில் வரும், அவர்களுடைய பொஸ்கோனியா சரிந்த பாட்டிலில் வரும்), அதற்குக் கார்க்கிலிருந்து எத்தனை சென்டிமீட்டர் கீழே என்று கணக்கு. பட்டியலில் இல்லையென்றால் ஏல நிறுவனத்துக்கு மெயில் போட்டு, வெளிச்சத்துக்கு எதிரே பிடித்த போட்டோ கேளுங்கள். பழைய ரியோகா வெளிறிய செங்கல் நிறத்தில் தெரிவதில் தப்பே இல்லை, டிகாஷன் போலக் கலங்கிப் பழுப்பாகத் தெரிந்தால் வேண்டாம்.

சில பாட்டில்களில் மெல்லிய தங்க நிறக் கம்பி வலை சுற்றியிருக்கும். காலி பாட்டிலில் மலிவான ஒயினை ஊற்றி விற்பதைத் தடுக்க மார்க்கேஸ் தே ரிஸ்கால் போன்ற ஒயின் நிறுவனங்கள் போட ஆரம்பித்தது, இன்றைக்குப் பெரும்பாலும் அழகுக்குத்தான். வலை முழுசாக இருக்கிறதே என்று நம்பிவிடாமல், மேல் மூடியிலோ லேபிளிலோ பிசுபிசுவென்று வழிந்த தடம் இருக்கிறதா என்று போட்டோவைப் பெரிதாக்கிப் பாருங்கள்.

யாருடையதை வாங்குவது? ரியோகாவின் ஆரோ ஊரில் ரயில் நிலையத்தைச் சுற்றியே பழைய நிறுவனங்கள் வரிசையாக இருக்கின்றன, தொடங்கிய ஆண்டோடு சொன்னால்: லோபஸ் தே எரேதியா 1877, குனே 1879, லா ரியோகா ஆல்டா 1890. இவர்களுடைய கிரான் ரிசர்வா (நீண்ட நாள் முதிரவிட்டு விற்கும் வகை) என்றால் என் ஓட்டு கண்ணை மூடிக்கொண்டு விழும். இன்றைய விதிப்படியே கிரான் ரிசர்வா வெளியே வரக் குறைந்தது 5 ஆண்டு, அதில் 2 ஆண்டாவது ஓக் பீப்பாயில். இவர்கள் அதைவிடவும் நிறைய நாள் வைத்திருந்து விடுபவர்கள். அப்படி வளர்ந்த ஒயின் முதுமையைத் தாங்கும், ஆனாலும் பிரான்ஸின் போர்தோ பகுதியின் பெரிய பெயர்களுக்குக் கொடுக்கும் விலையில் ஒரு சிறு பங்குதான் ஆகிறது. இந்த நியாயமான விலைதான் எனக்கு ரியோகாவின் மேல் இவ்வளவு பிரியம் வரக் காரணம். ஸ்பெயினின் இன்னொரு ஒயின் பகுதியான ரிபேரா தெல் துவேரோவில் வேகா சிசிலியா நிறுவனத்தின் ஊனிகோ இதைவிடப் பெரிய பெயர்தான், அறுவடை முடிந்து சுமார் 10 வருஷம் கழித்துத்தான் சந்தைக்கே விடுகிறார்கள், பாட்டிலுக்குப் பாட்டில் எண் போடுகிறார்கள். ஆனால் விலை ஏற ஏறப் போலியும் வரும். முதல் தடவை ஏலத்துக்குப் போகிறவருக்கு அதை நான் சொல்ல மாட்டேன்.

விலைக்கு வருவோம். சுத்தியல் விழுகிற விலை நீங்கள் கொடுக்கிற விலை இல்லை. 100 பவுண்டில் முடிந்தது, வாங்குபவர் கமிஷன் 25 சதவீதம் என்று வைத்துக்கொண்டால் 125, அந்தக் கமிஷனுக்கு 20 சதவீத வாட் சேர்த்தால் 130, அப்புறம் டெலிவரி, இன்ஷூரன்ஸ். பாண்டட் கிடங்கில் (வரி கட்டாமலேயே சரக்கை வைத்திருக்க அனுமதி உள்ள கிடங்கு) இருக்கும் சரக்கு என்றால் வெளியே எடுக்கும்போது கலால் தீர்வையும் வாட்டும் தனி. மொத்தம் எவ்வளவு தாங்கும் என்று முதலிலேயே பின்னோக்கிக் கணக்குப் போட்டு, அதையே உச்ச ஏலமாகப் பதிந்துவிட்டு எழுந்து போய்விடுங்கள். கடைசி நிமிடத்தில் திரைமுன் உட்கார்ந்திருந்தால் கை சும்மா இருக்காது.

முடிந்தால் இரண்டு பாட்டில் சேர்த்து ஒரே தொகுப்பாக ஏலம் விடும் லாட்டாகப் பாருங்கள். எவ்வளவு கவனமாக வாங்கினாலும் கார்க் கெட்ட பாட்டில் வரலாம், பிறந்தநாள் அன்று மேஜையில் அது தெரிய வந்தால் மாமனாருக்கு ஊற்ற இன்னொன்று கையில் இருக்க வேண்டும். வந்து சேர்ந்ததும் சில நாள் நிமிர்த்தி வையுங்கள், வண்டல் அடியில் இறங்கட்டும். சுருள் திறப்பான் பழைய கார்க்கை நொறுக்கிவிடும், இரண்டு மெல்லிய தகடு உள்ள திறப்பான் வாங்கிக்கொள்ளுங்கள். மணிக்கணக்கில் முன்கூட்டியே திறந்து வைக்காதீர்கள், எல்லோரும் உட்கார்ந்த பிறகு மெதுவாக ஊற்றி, வண்டல் கழுத்துக்கு வந்ததும் நிறுத்திவிடுங்கள்.