மகள் டீச்சராகப் போகட்டுமா? ஒரு தாய்க்குப் பதில்

மலையகத்தில் பொகவந்தலாவைப் பக்கத்திலிருந்து கேட்டிருக்கும் அம்மாவுக்கு வணக்கம்.

மகள் உயர்தரம் சித்தியடைந்துவிட்டாள், பத்தனை ஸ்ரீபாத கல்வியியற் கல்லூரிக்கு விண்ணப்பிக்க ஆசைப்படுகிறாள். கொழும்புக் கடைக்குப் போன பக்கத்து லயத்துப் பையன் இப்போதே கை நிறையக் கொண்டு வருகிறான். டீச்சர்மாரோ சம்பளம் போதாது என்று ரோட்டில் நிற்கிறார்கள். அனுப்பலாமா என்று கேட்கிறீர்கள். அனுப்புங்கள் அம்மா. ஆனால் எவ்வளவு சம்பளம் என்று விசாரிப்பதை விட, எந்தப் பாடசாலை, எப்படிப் போய் வருவாள் என்று கூடுதலாக விசாரியுங்கள்.

சம்பளக் குறை பொய்யில்லை. 2021 ஜூலையில் ஆசிரியர்களும் அதிபர்களும் இணையவழிக் கற்பித்தலை நிறுத்தி மூன்று மாதத்துக்கு மேல் போராடினார்கள். ஆசிரியர், அதிபர் சம்பள முரண்பாட்டை ஆராய்ந்த சுபோதினி குழு சிபாரிசு செய்ததில் மூன்றில் ஒரு பங்குதான் 2022 ஜனவரியில் கிடைத்தது. மீதியைக் கேட்டு 2024 ஜூனில் சுகயீன லீவு போட்டார்கள். 2025 வரவு செலவுத் திட்டத்தில் அரச ஊழியரின் குறைந்தபட்ச அடிப்படைச் சம்பளத்தை 24,250 ரூபாயிலிருந்து 40,000 ஆக்கினார்கள். அதுவும் ஒரேயடியாக இல்லை, 2027 ஜனவரி வரை கட்டம் கட்டமாக.

நம் பக்கத்தில் இதை விடக் கசப்பான அனுபவம் உண்டு. 2015 இல் தோட்டப் பாடசாலைகளுக்கு ஆசிரியர் உதவியாளர்களை எடுத்தபோது மாதக் கொடுப்பனவு 6,000 ரூபாய். பிறகுதான் 10,000. அந்தக் காலத்தில் மலையில் முழுப் பேர் விழுந்தால், அதாவது ஒரு முழு நாள் வேலை கணக்கில் ஏறினால், எல்லாப் படியும் சேர்த்து நாளுக்கு 620 ரூபாய். அதாவது தாய் பத்து நாள் கொழுந்து எடுத்த காசுக்கு, அவள் படிக்கவைத்த பிள்ளை ஒரு மாதம் படிப்பித்தது. எனக்குத் தெரிந்த பலர் பாடசாலை விட்ட கையோடு டியூசனுக்கு ஓடினார்கள். ராத்திரி எட்டு மணிக்கு வீடு வருகிறவர் நாளைய பாடத்துக்கு எப்போது ஆயத்தம் செய்வார்? அவர்களை நான் குறை சொல்லவே மாட்டேன்.

அப்படியென்றால் சம்பளத்தைக் கூட்டினால் படிப்பித்தல் தானாக உயருமா? இந்தோனேசியா 2005 இல் சட்டம் கொண்டுவந்து, தகுதிச் சான்றிதழ் பெற்ற ஆசிரியரின் அடிப்படைச் சம்பளத்தை இரண்டு மடங்காக்கியது. ஆராய்ந்து பார்த்தபோது ஆசிரியரின் பணக் கஷ்டமும் பக்க வேலையும் குறைந்திருந்தன. ஆனால் இரண்டு மூன்று வருடம் கழித்தும் பிள்ளைகளின் புள்ளிகள் ஏறவில்லை. காசு மனிதரை நிம்மதியாக்கும். வகுப்பறையை அதுவாகத் திருத்திவிடாது.

வகுப்பறை என்றால் என்னவென்று உங்களுக்குத் தெரியாததில்லை. நடுவில் தடுப்பில்லாத ஒரே மண்டபத்தில் மூன்று வகுப்பு. மழை பிடித்தால் தகரத்தில் விழும் சத்தத்தில் டீச்சரின் குரல் முன்வரிசைக்கே கேட்காது. டீச்சருக்கென்று ஒரு கழிவறை இல்லாததால் காலையிலிருந்து தண்ணீரே குடிக்காமல் இருக்கும் இளம் டீச்சர்மாரை எனக்குத் தெரியும். போக்குவரத்து இன்னொன்று. பஸ் சந்தியோடு நின்றுவிடும். மேலே தோட்டத்துக்கு நாலு டீச்சர்மார் சேர்ந்து ஆட்டோ பிடித்துப் போவார்கள். ஒருவருக்கு இடமாற்றம் வந்தால் அதே கூலியை மூன்று பேர் பங்கு போட வேண்டும். அடுத்த வருடம் இன்னொருவர் இடமாற்றம் கேட்டு எழுதுவார். கடைசியில் கணிதத்துக்கு ஆள் இல்லை, சங்கீத டீச்சர் கணித வகுப்பைப் பார்த்துக்கொள்கிறார். வட கிழக்கிலிருந்து வருகிற ஆசிரியர்கள் சேவைக் காலம் முடிந்ததும் ஊருக்குப் போவதும் இயல்புதானே.

அதனால்தான் உங்கள் மகள் மாதிரிப் பிள்ளைகள் இந்தத் தொழிலுக்கு வர வேண்டும் என்று ஆசைப்படுகிறேன். வீட்டிலிருந்து போய் வரக்கூடிய தூரத்தில் நியமனம் கிடைத்தால் அறை வாடகை இல்லை, பிள்ளைகளின் வீட்டு நிலைமையும் அவளுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. கல்லூரியில் இரண்டு வருடம் தங்கிப் படிப்பு, மூன்றாம் வருடம் பாடசாலையில் கட்டுறு பயிற்சி. அவளுடைய பெறுபேறு இடம் கொடுத்தால் கணிதம், விஞ்ஞானம், ஆங்கிலம் பக்கம் பார்க்கச் சொல்லுங்கள். தமிழ்மொழிப் பாடசாலைகளில் பெரிய பஞ்சம் அங்கேதான்.

நியமனம் கிடைத்தவுடன் சம்பளத்தைக் காட்டிக் கடன் எடுக்க விடாதீர்கள். வீடு, நகை, தம்பியின் செலவு என்று முதல் வருடமே சம்பளத்தில் கடன் கழிவு ஏறினால் அவளும் டியூசனுக்கு ஓட வேண்டியதுதான். பாடசாலையின் பெயர் தெரிந்ததும் நீங்களே ஒரு நாள் அவளோடு போய்ப் பாருங்கள். கூடப் போகும் டீச்சர்மார் யார், ஆட்டோவுக்கு மாதம் எவ்வளவு, கழிவறை உண்டா என்று அதிபரிடம் கூச்சப்படாமல் கேளுங்கள்.

இன்றைக்கே செய்ய வேண்டியது ஒன்று இருக்கிறது. பிறப்புச் சான்றிதழ், அடையாள அட்டை, பெறுபேற்றுப் பத்திரம் மூன்றையும் பக்கத்தில் வைத்துப் பெயரை எழுத்தெழுத்தாகப் பாருங்கள். தோட்டத்துப் பிள்ளைகளுக்கு இங்கேதான் நேர்முகத் தேர்வில் சிக்கல் வருகிறது. வித்தியாசம் இருந்தால் விண்ணப்பம் கோரும் வர்த்தமானி வரும்வரை காத்திருக்காமல் இந்தக் கிழமையே பிரதேச செயலகத்துக்குப் போங்கள்.