கொடி புடிக்கிறவன் காசு கட்டணுமா?

அய்யா,

கோத்தகிரி பக்கம் ரெண்டரை ஏக்கர் தேயிலை இருந்துச்சு. பொண்ணு பைலட் ஆகணும்னா, ஒன்றரை ஏக்கரை வித்து பேங்க் லோனும் போட்டு படிக்க வெச்சேன். 200 மணி நேரம் பறந்து கமர்ஷியல் லைசென்ஸ் வாங்கிட்டா. இப்ப வேலைக்குப் போனா, ஒரு குறிப்பிட்ட ரக விமானத்தை ஓட்டப் பழகுற டைப் ரேட்டிங்னு இன்னொரு 18 லட்சம் எங்களையே கட்டச் சொல்றாங்க. மிச்ச ஒரு ஏக்கரையும் வித்துடலாம்கிறா. பொம்பளப் புள்ளைக்கு எதுக்கு இதெல்லாம்னு சொந்தக்காரங்க. கட்டலாமா? அது கம்பெனி செலவு இல்லையா?

— ஒரு வாசகர்

தம்பி,

உங்க லெட்டர் வந்த அன்னிக்குத்தான் காலைல மாமாவை நெனச்சுட்டு உக்காந்திருந்தேன், இல்லாட்டி பதில் வர ரெண்டு மாசம் ஆயிருக்கும்.

சொந்தக்காரங்களை விடுங்க. பெண் பைலட்டுங்க விகிதம் உலகத்துலயே அதிகமா இருக்குற நாடுகள்ல நம்ம நாடும் ஒண்ணு. இதைச் சொன்னாலும் அவங்க வேற எதாவது பேசுவாங்க.

மாமா மலை ரயில்ல பிரேக்ஸ்மேன். கல்லாறு தாண்டினா குன்னூர் வரைக்கும் பல்சக்கரத்துல ஏறுற வண்டி, 12 அடிக்கு ஒரு அடி ஏத்தம். எஞ்சின் கீழ்ப்பக்கம் நின்னு தள்ளும், டிரைவருக்கு முன்னாடி பாதை தெரியாது, முன் பெட்டியில கொடியோட நிக்கிற ஆளுதான் அவருக்குக் கண்ணு. பெட்டிக்கு ஒரு ஆள், விசில் சத்தத்தைக் கேட்டு பிரேக் புடிக்கணும். மாமா உள்ளங்கை பூரா காய்ப்பு, எங்க கன்னத்தைக் கிள்ளினா எரியும்.

அந்த வேலைய அவருக்கு சம்பளம் குடுத்துத்தான் சொல்லிக் குடுத்தாங்க. ஆரம்பத்துல இறக்கத்துல பயந்து பயந்து இறுக்கிப் புடிச்சிருக்கார், சீனியர் ஒருத்தர் எல்லார் முன்னாடியும் "நீ இன்னும் பதினஞ்சு நாள் எங்கூடவே நில்லு"ன்னுட்டார். மாமா அழுதாராம். இதை நூறு தடவை சொல்லியிருப்பார், பெருமையாத்தான் சொல்வார்.

மாமா அந்தப் பதினஞ்சு நாளுக்குக் காசு கட்டியிருந்தா சீனியர் அப்படிச் சொல்லியிருப்பாரா? காசு கட்டினவன் கஸ்டமர் தம்பி, கஸ்டமரை யாரு ஃபெயில் பண்ணுவா? அதை விடுங்க, ஒரு மழைக்காலம் ஹில்குரோவ் ஸ்டேஷன் தாண்டி பாதையில மண்ணு சரிஞ்ச மாதிரி தெரிஞ்சதும் சிவப்புக் கொடி காட்டி வண்டிய நிறுத்திட்டார். போய்ப் பாத்தா ரெண்டு கூடை மண்ணு. ஒரு மணி நேரம் லேட்டு, திட்டு வாங்கினார். நாளைக்கு உங்க பொண்ணு கோ-பைலட் சீட்ல உக்காந்து கேப்டன்கிட்ட "சார், இது சரியில்ல, திரும்பிடலாம்"னு சொல்லணும், 18 லட்சம் கடனும் வித்த தோட்டமும் தலைக்குள்ள இருக்கறப்ப அந்த வாய் வருமா வராதா, எனக்கு அது ஒண்ணுதான் கேள்வி.

2009ல அமெரிக்கால பஃபலோ பக்கம் கோல்கன் ஏர் விமானம் விழுந்து 50 பேர் செத்தாங்க. கோ-பைலட்டுக்கு 24 வயசு, சம்பளம் கம்மி, சியாட்டில் பக்கம் அப்பா அம்மா வீட்டுல இருந்துட்டு ராத்திரியெல்லாம் நாட்டுக்குக் குறுக்க பறந்து டியூட்டிக்கு வந்த பொண்ணு. கேப்டன் அதுக்கு முந்தி காசு கட்டிப் பறந்து பழகுற இடத்துல இருந்து வந்தவர். அதனாலதான் விழுந்துச்சுன்னு நான் சொல்ல வரல, ஆனா படிச்சதுல இருந்து மறக்க முடியல.

பழக்கி விட்டா வேற கம்பெனிக்கு ஓடிடுவாங்கன்னு விமானக் கம்பெனிக்காரங்க சொல்றது பொய் இல்ல. அதுக்கு பாண்டு போடு, மூணு வருஷம் இருன்னு எழுதி வாங்கு. முன்கூட்டியே காசைக் கறக்கறது வேற. அதுவும் ஏர்பஸ் ஏ320 விமானத்துக்கு எடுத்த ரேட்டிங்கை வெச்சு போயிங் 737 ஓட்ட முடியாது. கிங்ஃபிஷர் 2012ல, ஜெட் 2019ல, கோ ஃபர்ஸ்ட் 2023ல நின்னுச்சு. காசு கட்டி உள்ள போனதும் கம்பெனி படுத்துட்டா யார் சட்டையப் புடிப்பீங்க?

உங்களைத் திட்டணும் தம்பி. லைசென்ஸ் வாங்கினதும் அடுத்த செலவு என்னன்னு முன்னாடியே விசாரிக்கலையா? கொழுந்து விலை ஒரு ரூபா எறங்கினா ஃபேக்டரி வாசல்ல போய் நிக்கிறீங்க, இதை மட்டும் எவனோ காட்டின கலர் நோட்டீசை நம்பிட்டீங்க.

ஆமா, கட்டலாமான்னு கேட்டீங்க இல்ல. கம்பெனி பேர் போட்டு, சம்பளம் எழுதி, கையெழுத்து வெச்ச அப்பாயின்ட்மென்ட் ஆர்டர் கைக்கு வராம ஒத்த ரூபா கட்டாதீங்க. அந்த ஒரு ஏக்கரை மட்டும் விக்காதீங்க. பாப்பாவை ஒரு காலைல குன்னூர் ஸ்டேஷனுக்குக் கூட்டிட்டு வாங்க. மாமா இப்ப இல்ல, ஆனா முன் பெட்டியில கொடியோட ஒருத்தர் நிப்பார்.